ஸ்டூல் தூக்கியவன்

எண்பத்து நாலாம் வருடம் சிங்கப்பூரில் தேநீர் குடிப்பது சாதாரணக் காரியமாக இருக்கவில்லை. கோப்பிக்கடையில் கிடைக்கிற தேநீரைச் சொல்லவில்லை. அது வழக்கம்போலத்தான் இருந்தது. ஆளுங்கட்சி அடுத்த தேர்தலுக்குப் புதுமுகங்களைத் தேடுகிறபோது, தொழிலில் பெயரெடுத்தவர்களைச் சத்தமில்லாமல் ஓர் அறைக்கு அழைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆள் பிடித்துப்போனால் மறுபடியும் ஒரு தேநீர். அதற்கப்புறம் வேட்பாளர். அழைப்பு வந்தவர் மூச்சுவிடக் கூடாது என்பது ஏற்பாடு. ஆனால் சிராங்கூன் ரோட்டில் எந்த ரகசியம் ரகசியமாக நின்றிருக்கிறது? யாருக்கு அழைப்பு என்பது அவருடைய மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஜூன் மாதம் அழகப்பனுக்கு அழைப்பு வந்தது. அற்புதராஜுக்கு வரவில்லை.

அற்புதராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் பொறாமை என்று சொன்னால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். நியாயம் என்பான். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே படிப்பு. ஜூரோங்கில் ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, பூன் லேயில் ஒரே வாடகை அறையில் படுத்து எழுந்தவர்கள். அச்சு இயந்திரத்தில் அற்புதராஜின் வலது ஆள்காட்டி விரல் நுனி போனபோது, கைக்குட்டையைச் சுற்றிச் சாமான் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அழகப்பன்தான். பிறகு வேலையை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மசாலைக் கடையின் மேல்மாடியில் 'ஏ அண்ட் ஏ கம்ப்யூட்டர்ஸ்' என்று பலகை மாட்டினார்கள். கீழே மிளகாய் அரைத்தால் மேலே கம்ப்யூட்டர் வாங்க வந்தவர்கள் தும்முவார்கள். தும்மிக்கொண்டேதான் பலரும் வாங்கினார்கள். முதல் 'ஏ' யாருடையது என்று இருவரும் வேடிக்கையாகச் சண்டை போட்டுக்கொள்வார்கள். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எண்பத்து இரண்டில் அற்புதராஜின் மகள் ஆனிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்கு நாலு வயது. டாக்டர் கையை விரிக்காத குறை. அற்புதராஜும் மனைவி ரூபியும் லூர்து மாதா கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அழகப்பன் நெற்றி நிறைய விபூதியோடு வார்டு வாசலில் வந்து நின்றான்.

"டேங்க் ரோட் முருகன்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். புள்ள பொழைச்சா மூணு வருஷம் காவடி."

"டேய், நாங்க வேதக்காரங்கடா."

"அதுக்கென்ன லா? தூக்கப் போறது நான்தானே. நீ கூட ஸ்டூல் தூக்கிட்டு வா, போதும்."

ஆனி பிழைத்தாள். மாதாவா, முருகனா, மருந்தா என்று ரூபி ஆராய்ச்சி செய்யவில்லை. மூவருக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏற்றினாள். அடுத்த தைப்பூசத்தில் அழகப்பன் முதுகிலும் மார்பிலும் கம்பிகள் குத்தி, நாக்கில் வேல் பூட்டி, பெருமாள் கோயிலிலிருந்து அலகுக் காவடியோடு கிளம்பினான். காவடி எடுப்பவர் வழியில் உட்கார்ந்து எழுந்திருப்பதற்காக யாராவது ஒருவர் பின்னாலேயே ஸ்டூல் கொண்டுபோவது இங்கே வழக்கம். கூட வருகிறவர்களிலேயே நெருங்கிய ஆளுக்குத்தான் அந்த வேலை கொடுப்பார்கள். அற்புதராஜ் இரும்புக் கால் வைத்த மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்களோடு "வேல் வேல்" என்று கத்திக்கொண்டு போனான். லூர்து மாதா கோயில் பங்கில் நாலு பேர் அதைப் பார்த்துவிட்டுச் சாமியாரிடம் வத்தி வைத்தார்கள். சாமியார், "ஸ்டூல்தானே தூக்கினான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டோபி காட் பக்கம் வரும்போது வெயிலுக்கும் விரதத்துக்கும் தாங்காமல் அழகப்பன் ஆடிப் போனான். கண் மேலே செருகிவிட்டது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அற்புதராஜ் ஸ்டூலைப் போட்டு, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். ஓய்வெடுக்கும்போது ஒரு படம் என்று காத்திருந்த ரூபி அந்த நேரம் பார்த்து கேமராவை அழுத்திவிட்டாள். படம் கழுவி வந்தபோது அழகப்பனுக்கே தூக்கிவாரிப்போட்டது. வெள்ளை முழி, கோணிய வாய், நாக்கு வேலிலிருந்து ஒழுகிய எச்சில்.

"பேய் மாதிரி இருக்கேன் லா. கிழிச்சுப் போட்டுரு" என்று சிரித்தான்.

அற்புதராஜ் கிழிக்கவில்லை. அப்போது அது ஆசையால்தான். அந்தப் படத்தில் தன் மகளுக்காக ஒருவன் பட்ட பாடு இருக்கிறது என்று நினைத்து ஆல்பத்தில் ஒட்டி வைத்தான்.

அதற்கப்புறம்தான் வியாபாரம் பெருத்தது. இரண்டு பேருக்கும் நடுவே இருந்த இடம் சிறுத்தது. யார் பெயர் பத்திரிகையில் வருவது, யார் கார்டில் நிர்வாக இயக்குநர் என்று போட்டுக்கொள்வது என்று ஆரம்பித்து, எண்பத்து மூன்று பாதியிலேயே பலகையைக் கழற்றிவிட்டார்கள். அழகப்பன் ஒன்றும் லேசுப்பட்டவனில்லை. பிரிந்த கையோடு, அற்புதராஜிடம் சம்பளக் கணக்கு ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்த ரவூபைக் கொத்திக்கொண்டு போனான். ஒரு கப்பல் பட்டறையின் பெரிய வேலைக்கு இருவரும் விலை கொடுத்தபோது, ரவூபின் மூலம் இவன் விலையைத் தெரிந்துகொண்டு அதற்குக் கீழே போட்டுத் தட்டிப் பறித்தான். பதிலுக்கு அற்புதராஜ், அழகப்பனின் மெஷின்கள் மழைக்காலத்தில் படுத்துவிடும் என்று நகைக் கடைக்காரர்களிடம் கதை கட்டினான். மசாலைக் கடை மாடி அழகப்பனிடம் நின்றது. ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கடை. பார்த்தால் ஒருவர் கடைவாசல் ஐந்தடிப் பாதையில் நடப்பார், மற்றவர் ரோட்டில் இறங்கிப் போவார்.

இவ்வளவு பகையிலும் எண்பத்து நாலு தைப்பூசத்துக்கு அழகப்பன் இரண்டாவது காவடியை எடுத்தான். ரூபிதான் போன் போட்டு, "அண்ணே, இப்ப எதுக்கு?" என்று தயங்கிக் கேட்டாள்.

"முருகன்கிட்ட சொன்னது ரூபி. உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லலை" என்றான் அவன்.

அற்புதராஜ் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டான். ரூபி ஆனியையும் அழைத்துக்கொண்டு அந்த ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்க அவன் ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒரு வேலையும் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தேநீர் வந்தது. அழகப்பன் எம்பி ஆனால் என்ன ஆகும் என்று அற்புதராஜ் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். அரசாங்க இலாகாக்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருக்கிற நேரம். அந்த வேலையெல்லாம் அவன் பக்கம் சாயும். சமூக மன்றத்தில் அவனுக்கு மாலை போடுவார்கள், இவன் கீழே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். அதற்குமேல் அவனால் நினைக்க முடியவில்லை.

ஜூலையில் சேக் தாவூது போன் செய்தார். வக்கீல். சமூக மன்றக் குழுவில் நெடுநாளாக இருப்பவர். இந்தியர்களில் யாரைப் பற்றியாவது விசாரிக்க வேண்டுமென்றால் கட்சிக்காரர்கள் அவரைத்தான் அனுப்புவார்கள். ஒருவரிடம் பணிவாகப் பேசிக்கொண்டே மனதுக்குள் இருப்பதை எடுத்துவிடுவார்.

"திங்கக்கெழமை உங்க ஆபீசுக்கு நான் வரலாமா தம்பி? உங்க பழைய பார்ட்னரப் பத்தித்தான். நாலு வார்த்தை."

சனிக்கிழமை சாயங்காலம் ரூபியும் ஆனியும் நோவேனாவுக்குப் போயிருந்தார்கள். அற்புதராஜ் ஆல்பத்தை எடுத்தான். அந்தப் படத்தை ஓரம் கிழியாமல் பதமாகப் பிரித்தான். ரூபியின் தையல் கத்திரிக்கோலால் தன்னை வெட்டி எடுத்தான். அழகப்பனின் தோளில் இருந்த கையை வெட்டினால் தோளும் போய்விடும். அதனால் கையை விட்டுவைத்தான். கூட்டத்தில் எவனோ ஒருவனின் கை, அவ்வளவுதானே. நுனி இல்லாத அந்த விரல் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. தினமும் பல் தேய்க்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் பார்த்துப் பழகிய விரல், அவன் கண்ணில் மட்டும் படவில்லை. வெட்டிய பாதியைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போட்டான்.

திங்கட்கிழமை சேக் தாவூது வந்தார். அற்புதராஜ் அழகப்பனைப் புகழ்ந்தான். கெட்டிக்காரன், உழைப்பாளி, கை சுத்தம் என்றான். எல்லாம் சொல்லி முடித்துக் கொஞ்சம் இழுத்தான்.

"ஒண்ணுமில்ல சார். உடம்புதான். நான் சொல்லக் கூடாது."

"நமக்குள்ள என்ன தம்பி."

"வலிப்பு மாதிரி வரும். அன்னைக்கு ரோட்லயே வந்துருச்சு. கூட்டத்துல யாரோ எடுத்த படம், எங்கிட்ட வந்துச்சு. பார்லிமென்ட்ல, டிவி முன்னாடி அப்படி வந்துச்சுன்னா நம்ம ஆளுங்களுக்குத்தான் அசிங்கம். அந்தக் கவலைதான் எனக்கு."

சேக் தாவூது படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது காவடி நேரமில்லையா?" என்றார்.

"காவடி நேரத்துல தெரிய வந்துச்சு" என்றான் அற்புதராஜ்.

அவர் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கொடுத்த கோப்பியைத் தொடாமல் எழுந்துபோனார்.  அற்புதராஜ் தான் சொன்னதில் பொய் எது என்று தேடிப் பார்த்தான். இழுத்தது நிஜம்தானே, படம் நிஜம்தானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். இரவுச் சாப்பாட்டின்போது ஆனி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் வாதம் படுத்துவிட்டது.

அழகப்பனுக்கு இரண்டாவது தேநீர் வரவில்லை. ஆகஸ்டில் அற்புதராஜுக்கு முதல் தேநீர் வந்தது.

ரூபிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஹை ஸ்திரீட்டில் கோட் தைத்தார்கள். தேநீருக்குப் போகிற அன்று காலை கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே அவள் கேட்டாள், "ஆல்பத்துல அண்ணன் காவடிப் படம் ஒண்ணக் காணோமே, பாத்தீங்களா?"

"ஒட்டு விட்டு எங்கயாவது விழுந்திருக்கும்" என்றான். 

நீளமான மேசை. அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் இவன் தனியாக. சுவர் ஓரத்தில் சேக் தாவூது. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. கம்ப்யூட்டர் வந்தால் குமாஸ்தாக்களுக்கு வேலை போகாதா என்று கேட்டார்கள். இளையர்கள் ஏன் தமிழ் பேசத் தயங்குகிறார்கள் என்று கேட்டார்கள். அற்புதராஜ் தடங்கலில்லாமல் பதில் சொன்னான். அவனுக்கே தன் பேச்சு பிடித்திருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த வயதானவர் தலையாட்டிக்கொண்டே அவன் கோப்பையில் தேநீரை ஊற்றினார். அப்புறம் ஓர் உறையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதைக் கொடுத்தது நீங்கள்."

"ஆமாம். ஓர் அக்கறையில்."

"உங்கள் நண்பரிடமும் காட்டினோம். மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டோம், போய் வந்தார். வலிப்பு எதுவும் இல்லை. ஆனால் பேச்சு வெளியே போய்விட்டது. இந்த முறை அவரை நிறுத்த முடியாது." பெரியவர் நிதானமாகத் தேநீரைக் குடித்தார். "யாருக்காகக் காவடி எடுத்தீர்கள் என்று கேட்டோம். கூட்டாளியின் குழந்தைக்காக என்றார். படத்தில் இருக்கிற இந்தக் கை யாருடையது என்று கேட்டோம். கூட வந்தவன் கை என்றார், பெயர் சொல்ல மறுத்துவிட்டார். உங்களுக்குத் தெரியுமா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி அவனுக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"தெரியாது. கூட்டத்தில் யாரோ."

சொல்லிவிட்டுப் பதற்றத்தில் கோப்பையை எடுத்தான். வலது கையால்தான் எடுத்தான். கோப்பையின் காதைப் பிடித்த மற்ற விரல்கள் மடங்கி நிற்க, குட்டையான அந்த ஆள்காட்டி விரல் மட்டும் தனியாகத் தெரிந்தது. நாலு பேரும் படத்தைப் பார்த்தார்கள், கோப்பையைப் பார்த்தார்கள். சேக் தாவூது தரையைப் பார்த்தார். அற்புதராஜ் கோப்பையை வைத்துவிட்டுக் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனான். அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறிவிடும், குடித்துவிட்டுப் போங்கள்" என்றார் பெரியவர்.

யாராவது திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அந்தத் தேநீரை அவர்கள் எதிரில் கடைசிச் சொட்டுவரை குடித்தது இருக்கிறதே, அதை நினைத்து நினைத்துப் பல நாள் அவனுக்கு உடம்பு கூசியது. குளிக்கும்போது திடீரென்று நினைவு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பான்.

டிசம்பர் தேர்தலில் வேறு எங்கிருந்தோ ஒரு வங்கிக்காரர் வந்து நின்றார். அற்புதராஜ் ரூபியிடம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கத்திரிக்கோலை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.  அழகப்பன் கடைக்குப் போய்க் காலில் விழலாமா என்று பலமுறை மாடிப்படிவரை போனான். மிளகாய் நெடியில் தும்மிவிட்டுத் திரும்பி வந்தான்.

தை வந்தது. மூன்றாம் காவடி வருமா என்ற கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பூசத்தன்று காலையில் ரூபி ஆனிக்குத் தலைவாரி விட்டுக்கொண்டே சொன்னாள். "அண்ணன் எடுக்கிறாரு. போன் போட்டுக் கேட்டுட்டேன். ஸ்டூல நான் தூக்கவா, நீங்க வர்றீங்களா?"

"அவன் என்ன சொன்னான்?"

"உங்களப் பத்தியா? ஒண்ணும் சொல்லலை."

அற்புதராஜ் ஸ்டூலை எடுத்துக்கொண்டான்.

பெருமாள் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது அழகப்பன் நாக்கில் ஏற்கெனவே வேல் பூட்டியாகிவிட்டது. இனி டேங்க் ரோடு போய்ச் சேரும்வரை அவனால் பேச முடியாது. ஒருவகையில் அற்புதராஜுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டதற்கும் வெட்கமாக இருந்தது. அழகப்பன் ஆனியைப் பார்த்துக் கண்ணால் சிரித்தான். ரூபியைப் பார்த்துத் தலையசைத்தான். அற்புதராஜ் நின்ற இடம் அவனுக்கு வெறும் இடமாக இருந்தது.

காவடி கிளம்பியது. சிராங்கூன் ரோட்டில் முதல் தடவை நின்றபோது அற்புதராஜ் ஸ்டூலை விரித்துப் பின்னால் போட்டான். அழகப்பன் உட்காரவில்லை. நின்றபடியே மூச்சு வாங்கிவிட்டு நடந்தான். செலிகி ரோட்டிலும் அப்படியே. தெரிந்தவர்கள் நாலு பேர் கூட வந்தார்கள். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.  அற்புதராஜிடமிருந்து கொஞ்சம் தள்ளி நடக்கத் தொடங்கினார்கள். இரும்பு ஸ்டூல் வெயிலில் சூடேறிக் கையைச் சுட்டது. அவன் கை மாற்றவில்லை.

டோபி காட்டில் அழகப்பன் ஆடினான். பழைய இடம்தான். முழங்கால் நடுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது. அற்புதராஜ் ஓடிப்போய் ஸ்டூலைப் போட்டான். தோளைப் பிடிக்கக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டான். அழகப்பன் தலையைத் திருப்பினான். அற்புதராஜின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தான். பார்த்துவிட்டு, நடுங்குகிற காலோடு ஓர் அடி நகர்ந்து நின்றான்.

"யாருப்பா ஸ்டூல் வச்சிருக்கிறது? உக்கார வைங்கப்பா அவர! விழுந்துரப் போறாரு!" என்று கூட்டத்தில் யாரோ சத்தம் போட்டார்கள்.

அற்புதராஜ் கையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றான். ஊரே தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பாதிப் பேராவது பார்த்தார்கள்தான். நடந்து களைத்துப்போயிருந்த ஆனி ஒன்றும் தெரியாமல் போய், காலியாகக் கிடந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். புறப்படத் திரும்பிய அழகப்பன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே நின்றான். அத்தனை பாரத்தையும் தோளில் வைத்துக்கொண்டு, வேர்வை ஒழுக, குழந்தை களைப்பாறி எழுந்திருக்கும்வரை நின்றான்.

"மாமா, நீங்க உக்காருங்க" என்று ஆனி பதறி எழுந்தாள். அவன் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு நடக்கத் தொடங்கினான். "வேல் வேல்" என்று கூட்டம் பின்னால் போனது.

ஆனி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, மாமாவுக்கு ரொம்ப வலிக்குதில்ல? அப்புறம் ஏன் உக்காரலை?"

தெரியாது என்கிற சொல் வாய்வரை வந்தது. இந்த வாய் அதைப் பழகி வைத்திருந்தது. அற்புதராஜ் குனிந்து ஸ்டூலை மடக்கினான்.

"அப்பா தூக்கிட்டு வந்த ஸ்டூல் அது. அதான்" என்றான்.